மது வாடையோடு வரும் மயக்க நோயாளி: வார்டில் பார்த்தவை

அவசரப் பிரிவுச் செவிலியர்:

இரவில் பைக்கிலிருந்து விழுந்து, வாயில் மது வாடையோடு வருபவரை "போதை தெளியட்டும், தூங்கட்டும்" என்று ஓரமாக விடுவதுதான் பெரிய ஆபத்து. போதையும் மண்டைக்குள் ரத்தக்கசிவும் ஒரே ஆளிடம் இருக்கலாம். எழுப்பிப் பார்க்காமல் தெரியாது. கழுத்தைத் திருப்பாமல் தாடையை முன்னுக்குத் தள்ளி மூச்சுப்பாதையைத் திறந்து, மூச்சும் நாடியும் பார்த்த கையோடு குளுக்கோமீட்டரை எடுங்கள். விரலைக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். வழியில் யாராவது சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தால் விரலில் ஒட்டிய இனிப்பே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். சர்க்கரை 70-க்குக் கீழே என்றால் டாக்டரிடம் உத்தரவு வாங்கி 25% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 100 மி.லி., பெரிய வெயினில், மெதுவாக. வெளியே கசிந்தால் அந்த இடத்துத் திசு செத்துப்போகும். 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. தினமும் குடிப்பவருக்குத் தயமினையும் (வைட்டமின் பி1) கேட்டு வாங்குங்கள். ஆனால் அதற்காகக் குளுக்கோஸைத் தள்ளிப்போட வேண்டாம்.

கிளிபென்கிளமைடு மாதிரி சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர் கண் விழித்துப் பேசினாலும் உடனே அனுப்பிவிடாதீர்கள். சர்க்கரை மறுபடி இறங்கும், ஒரு நாள் தாண்டியும் இறங்கும்.

நரம்பு அறுவை வார்டுச் செவிலியர்:

சிஸ்டர் சொன்னதற்கு அடுத்த படி ஜிசிஎஸ், அதாவது நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கேல். 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னெட்டும் கொண்டுவந்த அளவுகோல். கண்ணுக்கு (ஈ) அதிகபட்சம் 4, பேச்சுக்கு (வி) 5, அசைவுக்கு (எம்) 6, மொத்தம் 15. கேஸ் ஷீட்டில் "ஜிசிஎஸ் 9" என்று மட்டும் எழுதினால் அடுத்த ட்யூட்டிக்கு ஒன்றும் புரியாது. ஈ4 வி1 எம்4-ம் 9, ஈ2 வி2 எம்5-ம் 9. இரண்டும் வேறு வேறு நோயாளிகள். மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

முதலில் சும்மா நின்று பாருங்கள். பிறகு சாதாரணக் குரலில் பெயர் சொல்லி, அப்புறம் சத்தமாகக் கூப்பிடுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால்தான் அழுத்தம். தோள்பட்டைத் தசையைக் கிள்ளி, 10 விநாடி வரை படிப்படியாகக் கூட்டுங்கள். கை காறை எலும்பைத் தாண்டி மேலே வந்தால் எம்5. நெஞ்செலும்பில் கைமுட்டியால் தேய்ப்பதை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு ஷிப்ட்டிலும் தேய்த்துத் தேய்த்துத் தோல் கன்றிப்போகிறது. "கையைப் பிடிங்க" என்றதும் பிடித்தால் அது வெறும் அனிச்சையாகவும் இருக்கும். "விடுங்க" என்றால் விடுகிறாரா, "நாக்கை நீட்டுங்க" என்றால் நீட்டுகிறாரா என்று பாருங்கள்.

என்ன மாதம் என்று கேட்டதற்கு "ஐப்பசி" என்கிறார், ஐப்பசிதான் நடக்கிறது என்றால் அது சரியான பதில். தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளிக்குத் தமிழில் கேட்டுவிட்டு வி4 (குழப்பமான பேச்சு) போடுவது அநியாயம். மொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட்டவருக்குப் பேச்சில் 1 போடக்கூடாது, சோதிக்க முடியவில்லை என்றே எழுத வேண்டும். கண் வீங்கி மூடியிருந்தாலும் அப்படித்தான்.

ஐசியு செவிலியர்:

ஜிசிஎஸ் 15 வரும்வரை அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஒரு புள்ளி இறங்கி அரை மணி அப்படியே நின்றாலே டாக்டரைக் கூப்பிடலாம். அசைவில் இறங்கினால் இன்னும் அவசரம். ஒரு பக்கக் கண் பாப்பா பெரிதாகி வெளிச்சத்துக்குச் சுருங்காவிட்டால் அடுத்த அளவுக்குக் காத்திருக்க வேண்டாம். பிபி ஏறி, நாடி குறைந்து, மூச்சு தாறுமாறாவது கடைசிக் கட்டம், அதற்காகக் காத்திருப்பது தாமதம். ஷிப்ட் மாறும்போது இரண்டு செவிலியரும் சேர்ந்து ஒருமுறை சோதியுங்கள். ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

புரண்டு அடம்பிடிப்பவரைக் கட்டிப்போடும் முன் ஆக்சிஜன் அளவு, நிறைந்த மூத்திரப்பை, மடங்கிய கதீட்டர், இறுக்கமான கட்டு, இவற்றைப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் அங்கேயே அடங்குவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வார்டுச் செவிலியர்:

கூட இருக்கும் அம்மாவோ மனைவியோ "ஒரு வாய் பால் ஊத்தட்டுமா" என்று கேட்பார்கள். நாம் இல்லாத நேரத்தில் ஊற்றியும் விடுவார்கள். அதட்டாதீர்கள். விழுங்கத் தெரியாதவருக்குப் பால் நுரையீரலுக்குப் போகும் என்று சொல்லி, அவர்கள் கையில் வேறு வேலை கொடுங்கள்: பெயர் சொல்லிப் பேசுவது, கை கால் மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டுவது.

கண்ணைச் சுற்றிக் கறுப்பு, மூக்கில் தண்ணீர் போல ஒழுகல் இருந்தால் ரைல்ஸ் டியூபை (இரைப்பைக்குள் விடும் குழாய்) மூக்கு வழியாகப் போடக்கூடாது. மண்டையின் அடித்தளம் உடைந்திருக்கலாம். ஃபீடிங் தரும்போதும் அதற்குப் பின் அரை மணிக்கு மேலும் தலைப்பக்கம் 30 டிகிரி உயர்ந்திருக்கட்டும், கழுத்து நேராக. கண் முழுதாக மூடாதவருக்கு நான்கு மணிக்கு ஒருமுறை ஆயின்ட்மென்ட் போட்டு இமையை மூடி வையுங்கள். காய்ந்த கருவிழி ஒரே இரவில் புண்ணாகிவிடும்.