டைம்ஷீட் அப்ரூவ் ஆகவில்லை என்று சம்பளத்தை நிறுத்த முடியுமா?

கேள்வி:
இங்கிலாந்தில் ஒரு ஏஜென்சி மூலமாக கான்ட்ராக்ட் வேலை, சம்பளம் அம்ப்ரெல்லா கம்பெனி (ஏஜென்சியிடம் பணம் வாங்கி, வரி பிடித்துக்கொண்டு நமக்குச் சம்பளம் தரும் நிறுவனம்) வழியாக வர வேண்டும். மூன்று வாரமாகப் பணம் வரவில்லை. கிளையண்ட் பக்கத்து மேனேஜர் லீவில் இருப்பதால் டைம்ஷீட் அப்படியே கிடக்கிறது, அது அப்ரூவ் ஆனால்தான் பணம் என்கிறது ஏஜென்சி. ஏஜென்சி தந்தால்தான் நாங்கள் தருவோம் என்கிறது அம்ப்ரெல்லா. சட்டத்தைப் பற்றிக் கேட்டால், "நீங்கள்தான் ஆப்ட்-அவுட் செய்துவிட்டீர்களே" என்கிறார்கள், அதாவது சட்டப் பாதுகாப்பு வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேனாம். சேரும்போது அனுப்பிய கட்டுக் காகிதத்தில் அதுவும் இருந்திருக்கிறது, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாடகை நாள் நெருங்குகிறது, என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் அந்த ஆப்ட்-அவுட்டில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்சிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் 2003ஆம் ஆண்டின் கான்டக்ட் ரெகுலேஷன்ஸ் 12வது விதிப்படி, கிளையண்ட் இன்னும் பணம் தரவில்லை, டைம்ஷீட்டில் கையெழுத்து இல்லை என்று சொல்லி ஏஜென்சி பணத்தைப் பிடித்து வைக்கக் கூடாது. நீங்கள் உண்மையில் வேலை செய்தீர்களா என்று வேறு வழியில் விசாரிக்கலாம், அவ்வளவுதான். ஆப்ட்-அவுட் செய்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பது உண்மை. ஆனால் 32வது விதி என்ன சொல்கிறது என்றால், நீங்களும் அம்ப்ரெல்லாவும் இருவருமே ஒத்துக்கொண்டு, உங்களை கிளையண்ட்டிடம் அறிமுகப்படுத்துவதற்கோ அனுப்புவதற்கோ முன்பே அதை ஏஜென்சிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். வேலை தொடங்கிய பிறகு கொடுத்தது இப்போதைய வேலைக்குச் செல்லாது. அப்புறம், ஆப்ட்-அவுட் செய்தால்தான் வேலை என்று நிபந்தனை போடவும் ஏஜென்சிக்கு உரிமை இல்லை. இது பலருக்குத் தெரிவதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் அம்ப்ரெல்லாவை விட்டுவிடாதீர்கள். சட்டப்படி உங்கள் முதலாளி அவர்கள்தான். ஏஜென்சி தரவில்லை என்றாலும் வேலை செய்த மணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியமாவது தந்தே ஆக வேண்டும். தராவிட்டால் ஏகாஸிடம் (Acas, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்து வைக்கும் அமைப்பு) போகலாம். 2026 ஏப்ரல் முதல் அம்ப்ரெல்லா கட்டாத பிஏஒய்இ (PAYE, சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டும்) வரிக்கு ஏஜென்சியும் பொறுப்பு என்று வந்திருக்கிறதே, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வரிப் பாக்கிக்கு மட்டும்தான்.

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் மெயிலைத் தோண்டி எடுத்தேன். வேலையில் சேர்ந்தது திங்கட்கிழமை, ஆப்ட்-அவுட் படிவம் வந்ததே வியாழன் மதியம். இரண்டு தேதியையும் போட்டு, 12, 32 இரண்டு விதிகளையும் குறிப்பிட்டு ஏஜென்சிக்கு எழுதிவிட்டேன், தினமும் கிளையண்ட் டீமுக்கு அனுப்பிய வேலை மெயில்களையும் சேர்த்திருக்கிறேன். நகல் அம்ப்ரெல்லாவுக்கும் போயிருக்கிறது.