மாசி முதல் சித்திரை வரை: சேலத்துத் தூசியில் குரலைக் காப்பாற்றிய அனுபவங்கள்

பாட்டு டீச்சர், அம்மாபேட்டை

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி ஓடுகிறது. பஞ்சுத் தூசி ஒரு பக்கம், தோண்டிப் போட்ட சாலை ஒரு பக்கம், அதற்கு மேல் மாசி பங்குனியின் வறண்ட காற்று. இந்த நாட்களில் என்னிடம் பாட்டு கற்கும் பிள்ளைகளில் பலருக்கு மேல் ஸ்தாயியில், அதாவது உயர்ந்த சுருதியில், வெறும் காற்றுதான் வருகிறது, ஸ்வரம் நிற்பதில்லை.

போன கோடையில் அப்படி ஒரு மாணவியை அவள் அம்மாவோடு சேர்ந்து காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வீட்டிலேயே தறி. பள்ளி விட்டு வந்தால் அவளும் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பாள். டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, குரல் நாண்களைத் திரையில் காட்டினார். கட்டி, புண் எதுவும் இல்லை. நாண்களின் மேல் கெட்டியான சளி இழை இழையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஐந்து கட்டையில் பாடுகிறவள். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. அந்த ஆதார ஷட்ஜத்தில், அதாவது அடிப்படை 'ஸ'வில், குரல் நாண்கள் வினாடிக்கு 196 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் ஷட்ஜத்தில் 392 முறை. அவ்வளவு வேகமாக மோதும் இரண்டு மெல்லிய மடிப்புகளுக்கும் நடுவில் நீர்த்த ஈரம் இருந்தாக வேண்டும். அது கெட்டிப்பட்டால் குரல் கரகரக்கும். கரகரக்கிறதே என்று கனைப்போம். கனைக்கக் கனைக்க நாண் வீங்கும், வீக்கத்தால் இன்னும் கரகரக்கும்.

டாக்டர் அன்று சொன்னதில் ஒன்றை எல்லாப் பெற்றோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குடிக்கும் தண்ணீர் ஒரு சொட்டுகூட குரல் நாண் மேல் படுவதில்லை. பட்டால் புரையேறிவிடும். தண்ணீர் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, அதன் பிறகுதான் அங்கே ஈரமாகச் சுரக்கிறது. மேடையில் வைக்கும் வெந்நீர் ஃபிளாஸ்க் வாய்க்கு இதம், அவ்வளவுதான். சாயங்காலம் பாட வேண்டுமென்றால் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்க வேண்டும். குரலைக் காப்பது மைக் முன்னால் நடக்கிற வேலை இல்லை, அது முந்தைய நாளே தொடங்குகிறது என்பதுதான் என் அனுபவம்.

அவளுக்கு நாங்கள் செய்தது பெரிய வைத்தியம் இல்லை. தார் சுற்றும்போது முகக்கவசம். வேலை முடிந்ததும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. கொதிக்கவைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. பச்சைத் தண்ணீரில் இதைச் செய்யவே கூடாது. கனைக்கத் தோன்றினால் ஒரு வாய்த் தண்ணீர் விழுங்குவது. வகுப்பை விடியற்காலைக்கு மாற்றினேன். அப்போது காற்றில் ஈரம் அதிகம், தெருவில் வண்டியும் இல்லை. வர்ணம் போன்ற பெரிய பாடங்களை எடுக்காமல் பல நாள் வாயை மூடி 'ம்' என்ற மகாரத்தில் ஆரம்பப் பாடமான ஸரளி வரிசை மட்டும். சித்திரை முடிவதற்குள் மேல் ஷட்ஜம் சுத்தமாக வந்துவிட்டது.

உங்கள் ஊரில், உங்கள் மேடையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள்.

மெல்லிசைக் குழுப் பாடகர், கொண்டலாம்பட்டி

நல்ல பதிவு டீச்சர். எங்களுக்குத் திருவிழா சீசனும் தூசி சீசனும் ஒன்றாகத்தான் வரும். பங்குனி, சித்திரையில் ஒரு ஊர் விட்டு ஒரு ஊர் பைக்கில்தான் போகிறோம். சீலநாயக்கன்பட்டி பைபாஸில் லாரிக்குப் பின்னால் போனாலே தொண்டை கட்டிவிடும். அதனால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே என்95 முகக்கவசமும் போடுகிறேன். துணி முகக்கவசம் முகத்தோடு ஒட்டி உட்காராது, நுண்தூசி ஓரமாக நுழைந்துவிடும். வண்டியில் போகும்போது பேசவும் மாட்டேன். பேசினால் வாய் வழியாகத்தான் மூச்சு வாங்குவோம். மூக்கு வடிகட்டி ஈரமாக்கித் தரும் காற்று அப்போது கிடைக்காது.

மேடைக்கு வந்தால் இன்னொரு ஆபத்து, புகை இயந்திரம். குத்துப்பாட்டு தொடங்கியதும் பாடுகிறவன் முகத்துக்கே விடுவார்கள். அந்தப் புகை தொண்டையை உலர்த்தி எரியவைக்கும். இப்போதெல்லாம் முன்பணம் வாங்கும்போதே விழாக் கமிட்டிக்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன்: ஜெனரேட்டர் மேடைக்குப் பின்னால் வேண்டாம், புகை இயந்திரம் பாடகருக்குப் பக்கத்தில் வேண்டாம். முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

இளம் பாடகர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்டை வலித்தால் மரத்துப்போக வைக்கும் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பாடாதீர்கள். வலி தெரியாமல் போகுமே தவிர நாண் அடிபடுவது நிற்காது. எங்கள் குழுவில் ஒரு தம்பி இப்படியே ஒரு சீசன் முழுக்க ஓட்டினான். பிறகு நாணில் முடிச்சு விழுந்துவிட்டது என்று பல மாதம் பாடாமல் பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டியதாயிற்று. தும்மலுக்கு எடுக்கும் அலர்ஜி மாத்திரையும் சிலருக்குத் தொண்டையை வறள வைக்கும். நிகழ்ச்சி இருக்கும் வாரத்தில் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கூத்துக் கலைஞர், தாரமங்கலம் பக்கம்

வணக்கம் டீச்சரம்மா. நாங்கள் மேடை ஏறுகிறவர்கள் இல்லை, மண்ணில் ஆடுகிறவர்கள். இரவு தொடங்கினால் விடியும்வரை பாட்டும் ஆட்டமும்தான். சலங்கை கட்டி நாலு அடவு போட்டாலே புழுதி முழங்காலுக்கு எழும்பும். அந்தப் புழுதியில் மூச்சு வாங்கிக்கொண்டே விருத்தம் இழுக்க வேண்டும்.

எங்கள் வாத்தியார் காலத்திலிருந்து ஒரு பழக்கம். கூத்துக்கு ஒப்புக்கொள்ளும்போதே ஊர்க்காரர்களிடம் களத்துக்குத் தண்ணீர் கேட்டுவிடுவோம். பொழுது சாயும்போது ஒரு தடவை நன்றாகத் தெளித்து, திரை கட்டுவதற்கு முன்னால் லேசாக இன்னொரு தடவை. ஒரேயடியாக ஊற்றினால் சேறாகிக் கால் வழுக்கும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரானாலும் நாலு குடமாவது கொண்டுவந்து விடுவார்கள். அதற்கு இணையான மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

வேஷம் போடும்போதும் கவனம் வேண்டும். முத்துவெள்ளை, அரிதாரம் எல்லாம் பொடி. குழைக்கும்போது மூக்கில் ஏறும். தேங்காயெண்ணெயைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, பொடி பறக்காமல், மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் குழைப்போம்.

பின்பாட்டுக்காரர்கள்தான் எங்களுக்குத் துணை. நான் ஒரு அடி பாடினால் அவர்கள் வாங்கிப் பாடுவார்கள், அந்த நேரம் எனக்கு ஓய்வு. வறட்சியான நாட்களில் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, பாட்டை இன்னும் அதிகமாக வாங்கிக்கொள்ளச் செய்வேன். ஆர்மோனியத்தில் அரைக்கட்டை இறக்கிக்கொள்வதும் உண்டு. பார்க்கிற சனத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. நடுச்சாமத்தில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிற பையன்களைப் பார்த்தால் பயமாக இருக்கும். சாப்பிட்டது எதுக்களித்துப் புளிப்பு தொண்டைக்கு வந்தால் மறுநாள் குரல் எழும்பாது. நான் இட்லியும் சுக்குக் காப்பியுமாக முடித்துக்கொள்வேன்.

ஏற்காடு, தேவாலயப் பாடகர் குழு

நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமைகளில் டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல் பகுதி, பாடுகிறேன். சேலத்து நண்பர்கள் எல்லோரும் சொல்வது, "உங்களுக்கென்ன சார், மலை மேல இருக்கீங்க, பனியும் ஈரமும்" என்று. ஆனால் எங்கள் குழுவில் டிசம்பர், ஜனவரியில்தான் அதிகம் பேருக்குத் தொண்டை வறளும். மூடுபனிக்குள் நின்றுகொண்டு தொண்டை ஏன் வறள்கிறது என்று பிள்ளைகளோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

10 டிகிரி குளிரில், ஈரப்பதம் 100 சதவீதம் இருந்தாலும், ஒரு கன மீட்டர் காற்றில் 9 கிராம் சொச்சம் நீராவிதான் இருக்க முடியும். பங்குனி மதியம் சேலத்தில் 38 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதுவும் அதே 9 கிராம் சொச்சம்தான்! நுரையீரலுக்குள் 37 டிகிரியில் காற்று சுமப்பது 44 கிராம். மீதி 35 கிராமை நம் மூக்கும் தொண்டையும்தான் கொடுத்தாக வேண்டும். ஆக, மூடுபனியில் நிற்கும் நானும் செவ்வாய்பேட்டை வெயிலில் நிற்கும் நீங்களும் மூச்சுக் காற்றுக்குக் கொடுக்கும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றேதான். குளிரில் தாகம் எடுக்காததால் நாங்கள் குடிப்பதும் இல்லை.

இது தெரிந்த பிறகு ஒத்திகை நாளில் எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். நீண்ட அடிகளுக்கு நடுவே மூக்கால் மூச்சு எடுக்க இடம் எங்கே என்று இசைத்தாளில் பென்சிலால் குறித்துக்கொள்கிறோம். பாடலுக்கு முன் உதடுகளை 'ப்ர்ர்' என்று அதிரவைத்துச் சுருதி ஏற்றி இறக்குவோம். குறைந்த அழுத்தத்தில் நாண்கள் சூடேற அது நல்ல வழி. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்ச் சேலத்தில் பாட வேண்டியிருந்தால், காரில் ஏசியைப் போடாமல், ஒரு மணி நேரம் முன்பே போய் அந்தக் காற்றில் உட்கார்ந்துவிடுகிறோம்.

ஆத்தூரிலிருந்து ஒரு அம்மா

டீச்சர், என் மகளுக்கு எட்டு வயது. ஆவி பிடிக்க வைக்கலாமா? தினம் அதிமதுரம் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

பாட்டு டீச்சர், அம்மாபேட்டை

ஆவி நேராகக் குரல் நாண்வரை போகும் என்பதால் பெரியவர்களுக்கு நல்லதுதான். ஆனால் சின்னப் பிள்ளைக்குக் கொதிக்கும் பாத்திரத்தை முன்னால் வைத்துப் போர்வை போர்த்த வேண்டாம் அம்மா, கவிழ்ந்தால் வெந்துவிடும். குளியலறைக் கதவைச் சாத்தி, பக்கெட்டில் வெந்நீர் பிடித்துவிட்டு, எட்ட உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் மூச்சு விடச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் இருங்கள். தைலம் எதுவும் கலக்க வேண்டாம்.

அதிமதுரம் எப்போதாவது ஒரு துண்டு சுவைப்பதில் தவறில்லை. தினமும், மாதக்கணக்கில் வேண்டாம். பெரியவர்களுக்கே அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். பாப்பாவுக்குப் பனங்கற்கண்டு போட்ட வெதுவெதுப்பான பால் போதும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் போனால் கை வைத்தியத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை பாட வைக்காதீர்கள், கிசுகிசுத்துப் பேசவும் விடாதீர்கள். கிசுகிசுப்பதும் பலருக்கு நாணை இறுக்கும். மெதுவான சாதாரணக் குரலில் பேசினாலே போதும்.

கூத்து ஐயா சொன்னதைப் பார்த்துவிட்டு இன்று வகுப்புக்கு முன்னால் வாசலிலும் தெருவிலும் தண்ணீர் தெளித்தேன். எதிர் வீட்டு அக்காவும் தங்கள் பக்கம் தெளித்துவிட்டார்கள். ஐயா, பங்குனியில் உங்கள் கூத்து எந்த ஊரில் என்று சொல்லுங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.