கூம்புக் குண்டுக்கு மருந்தைக் கூட்டணுமா, குண்டையே மாத்தணுமா?

நாகலூர் காப்பி:
என் அக்கா மகன் பென்சில்வேனியாவில் இருக்கிறான். அங்கே கிறிஸ்துமஸ் கழிந்ததும் பிளின்ட்லாக், அதாவது சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் மருந்து பற்றுகிற பழைய ரகத் துப்பாக்கிக்கென்றே தனியாக ஒரு மான் சீசன் வரும். அதற்காக 0.50 அங்குலத் துளையுள்ள துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறான், வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற ரகம். 370 கிரெயின் கூம்புக் குண்டு, 90 கிரெயின் கரிமருந்து (கிரெயின் என்பது எடை அளவு, பதினைந்து சொச்சம் சேர்ந்தால் ஒரு கிராம்). 50 கஜத்தில் சுட்டுப் பார்த்துத் தாளைப் படம் எடுத்து அனுப்பினான். ஓட்டைகள் வட்டமாக இல்லை. சாவித்துவாரம் மாதிரி நீளவாக்கில் கிழிந்திருக்கின்றன, அதுவும் ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளித் தள்ளி. மருந்து பத்தவில்லை, கூட்டு என்று சொல்லியிருக்கிறேன். குண்டு பெரிசானால் அடியும் பெரிசாக வேண்டாமா?

அம்மாபேட்டை லேத்:
வேண்டாம் அண்ணே. நீள ஓட்டை என்றால் குண்டு மூக்கை முன்னால் வைத்துப் போகவில்லை, கரணம் அடித்துக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் பட்டிருக்கிறது. அது மருந்தின் குறை இல்லை. குழலுக்குள் புரி, அதாவது குண்டைச் சுழலவைக்கிற திருகு வரி, எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது? அதைச் சொல்லுங்க முதல்ல.

நாகலூர் காப்பி:
கேட்டுவிட்டேன். 66 அங்குலத்துக்கு ஒன்று.

அம்மாபேட்டை லேத்:
அப்புறம் என்ன! 1879ல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணக்கு வாத்தியார் ஒரு சூத்திரம் போட்டார். குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கமாக்கி, 150 ஆல் பெருக்கி, ஒரு சுற்றுக்கான அங்குலத்தால் வகுத்தால், அந்தக் குழல் எவ்வளவு நீளக் குண்டைத் தாங்கும் என்று வந்துவிடும். 0.25 × 150 = 37.5. அதை 66 ஆல் வகுத்தால் 0.57 அங்குலம். 370 கிரெயின் கூம்புக் குண்டு முக்கால் அங்குலத்துக்குக் குறையாது. இந்தக் குழல் உருண்டைக் குண்டுக்காகவே அறுத்தது. 48க்கு ஒன்று என்றாலாவது 0.78 வரும், ஏதோ சமாளிக்கலாம். நீளக் குண்டுதான் வேண்டும் என்றால் 28க்கு ஒன்று மாதிரி வேகமான புரி வேண்டும்.

கோட்டை மைதானம்:
தம்பி, சூத்திரத்தை ரொம்ப நம்பாதீங்க. ஆங்கிலேயப் பட்டாளத்தின் 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கியை எடுத்துக்குங்க. துளை 0.577, புரி 78க்கு ஒன்று. உங்கள் கணக்கில் 0.64 அங்குலக் குண்டுதான் அதில் நிலைக்கணும். ஆனால் பட்டாளம் அதில் போட்ட 530 கிரெயின் குண்டு ஏறத்தாழ ஒரு அங்குலம். நூற்றுக்கணக்கான கஜத்துக்கு நேராகத்தான் போனது.

இன்னொன்று. அடி விரிந்து புரியில் பிடிக்கிற குண்டை மினியே என்ற பிரெஞ்சுக்காரர் பெயரில் சொல்கிறோம், 1849. அதற்கு வெகுமுன்பே நார்ட்டன் என்ற கேப்டனுக்கு அந்த யோசனை வந்தது நம்ம தென்னிந்தியாவில்தான் என்று சொல்வார்கள். இங்கே ஊதுகுழல் அம்புகளின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி வைத்திருந்ததைப் பார்த்தாராம். ஊதினதும் அது விரிந்து, காற்றைக் கசியவிடாமல் அடைத்ததாம்.

அம்மாபேட்டை லேத்:
நார்ட்டன் கதை அருமை சார். ஆனால் என்ஃபீல்டு எனக்குத்தான் சாட்சி. அந்தக் குண்டின் அடிப்பக்கம் குழிவு. எடை முன்னால் போய்விடுகிறது, அதனால் மெதுவான சுழற்சியிலும் மூக்கு திரும்பாது. கிரீன்ஹில் கணக்கு அடி நிறைந்த குண்டுக்கு. பையன் போட்டது எது?

நாகலூர் காப்பி:
அடி நிறைந்ததுதான். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. மருந்தைக் கூட்டினால் வேகம் கூடும். வேகம் கூடினால் அதே புரியில் குண்டு இன்னும் வேகமாகத்தானே சுழலும்? அப்படியானால் நான் சொன்னது தப்பில்லையே.

அம்மாபேட்டை லேத்:
சுழற்சி கூடும், ஒத்துக்கிறேன். கூடவே குண்டைக் கவிழ்க்கப் பார்க்கிற காற்றின் தள்ளலும் கூடுகிறதே. இரண்டும் சேர்ந்து ஏறுவதால் கையில் நிற்கிற லாபம் சொற்பம். நஷ்டம் மட்டும் முழுசாக வரும், ஏனென்றால் உருண்டையைவிட இரண்டு மடங்கு கனமான குண்டை அதே மருந்து தள்ளும்போதே குழலுக்குள் அழுத்தம் ஏறிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
கொலுசுப் பட்டறைக்காரன் ஒரு வார்த்தை சொல்லலாமா? ஈயம் எந்த ஈயம் என்று யாருமே கேட்கவில்லை. நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், அதுதான் சுத்த ஈயம். டயர் பேலன்ஸ் கட்டியை உருக்கினால் ஆன்டிமனி கலந்து கெட்டியாகிவிடும். நகம் வழுக்கும். அந்தக் குண்டு புரியில் சரியாக உட்காராது, வாயில் இறக்கவே சுத்தியல் கேட்கும். குழிவு அடிக் குண்டென்றால் மருந்து மிதமாகத்தான் இருக்க வேண்டும். கூட்டினால் மெல்லிய ஓரம் பிய்ந்து ஒரு பக்கம் மலர்ந்துவிடும், அதோடு குறி போச்சு. என்ஃபீல்டுக்கு எவ்வளவு போட்டார்கள் சார்?

கோட்டை மைதானம்:
இரண்டரை டிராம். நம்ம கணக்கில் 68 கிரெயின் சொச்சம், நாலரை கிராம்கூட இல்லை. 530 கிரெயின் குண்டுக்கு அவ்வளவுதான். நாகலூர்காரர் கவனிக்கவும்.

மஞ்சக்குட்டை:
எதுக்குங்க இவ்வளவு கணக்கு? எங்க தாத்தா எஸ்டேட்டில் பன்றி விரட்ட உள்ளங்கையில் மருந்தைக் கொட்டி அளந்துதான் போடுவார். ஒன்றும் ஆகலையே.

அம்மாபேட்டை லேத்:
தாத்தா துப்பாக்கிக்குப் புரியே இருந்திருக்காது. வழுக்கைக் குழலில் ரவை போட்டு விரட்டுவது வேற சமாச்சாரம், அதில் கூம்புக் குண்டுக்கு வேலையே இல்லை. உள்ளங்கை அளவில் குழல் வெடித்து விரல் போன கதைகளும் மலையில் உண்டு. அதோடு, ஆயுதச் சட்டம் 1959, வன உயிரினச் சட்டம் 1972 இரண்டும் இங்கே இருக்கு. பன்றிக் கதையை இத்தோட விடுங்க.

நாகலூர் காப்பி:
சரி, உருண்டை என்றே வைப்போம். 0.490 உருண்டை 177 கிரெயின்தான் வரும். கூம்பில் பாதிகூட இல்லை. மான் விழுமா?

கோட்டை மைதானம்:
அமெரிக்கக் காட்டில் மினியே வருவதற்கு முன்னால் எதனால் விழுந்ததாம்? தூரம்தான் விஷயம். உருண்டை காற்றில் சீக்கிரம் சோர்ந்துவிடும், 100 கஜத்துக்குள் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 50, 60 கஜத்தில் நிற்கிற மானுக்கு அது போதும். அதற்கு மேல் சுடாதே என்று பையனிடம் சொல்லுங்க.

நாகலூர் காப்பி:
உருண்டை ஒரு பெட்டி வாங்கச் சொல்கிறேன். கூம்பை நான் முழுசாகக் கைவிடவில்லை, குழிவு அடிக் குண்டு ஒன்றும் சோதிக்கச் சொல்வேன். மருந்து?

அம்மாபேட்டை லேத்:
துப்பாக்கியோடு வந்த கையேட்டில் இருக்கும் குறைந்த அளவில் தொடங்கட்டும், அஞ்சஞ்சு கிரெயினாக ஏறட்டும், ஓட்டைகள் நெருங்கி விழுகிற இடத்தில் நிற்கட்டும். கையேட்டின் உச்சத்தைத் தாண்டவே கூடாது. இந்தக் காலத் தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது. உருண்டையைச் சுற்றி எண்ணெய் தொட்ட பருத்தித் துணி. அப்புறம் முக்கியமாக, குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார்ந்ததும் இடிக்கிற கம்பியில் குழல் வாய்க்கு நேராக ஒரு கோடு போடச் சொல்லுங்க. மருந்தின் அளவு மாறினால் கோட்டையும் மாற்ற வேண்டும். அடுத்த முறை அந்தக் கோடு வாய்க்கு மேலே நின்றால் குண்டு பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். நடுவில் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் அந்த இடத்தில் வீங்கும், வெடிக்கவும் செய்யும். இறக்க முடியவில்லையா, சுடக் கூடாது, குண்டைத் திருகி வெளியே எடுத்துவிட வேண்டும்.