பாயிண்ட் பிளசன்ட் கூடுதுறையில் கேட்ட சாபக் கதை

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து மேசன் கவுண்டியில், கனாவா ஆறு ஒஹாயோ ஆற்றில் கலக்கும் முனையில் இருக்கும் சிற்றூர் பாயிண்ட் பிளசன்ட். சென்ற இலையுதிர்காலத்தில் அங்குள்ள டு-எண்டி-வெய் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். 1774 அக்டோபர் 10 அன்று வர்ஜீனியப் படைக்கும் ஷானி என்ற பூர்வகுடி மக்களுக்கும் நடந்த போரின் நினைவாக எழுப்பிய 84 அடிக் கருங்கல் தூண்தான் முதலில் கண்ணில் படுகிறது. ஷானிகளுக்குத் தலைமை தாங்கிய கார்ன்ஸ்டாக்கின் நினைவுக்கல் அதன் பக்கத்தில் மிகச் சிறியது. 1954இல் இங்கே கொண்டுவந்த அவருடைய பற்கள் சிலவும் எலும்புத் துண்டுகளும் அதற்குள் இருக்கின்றன.

உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். கார்ன்ஸ்டாக் சாகும்போது இந்த மண்ணைச் சபித்தார் என்றும், இங்கே ஒஹாயோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் விழுந்ததும் அதனால்தான் என்றும் அவர் சொன்னதைக் கேட்டு என் மகள் மிரண்டுபோனாள்.

அந்தக் கதை பிற்காலத்தில் கட்டியது. நடந்ததோ அதைவிடக் கொடியது. 1777இல் அமைதி நாடி, வரப்போகும் ஆபத்தை எச்சரிக்க இதே ஊரில் இருந்த ராண்டால்ஃப் கோட்டைக்கு வந்த கார்ன்ஸ்டாக்கைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வெளியே ஒரு வீரன் கொல்லப்பட்டதும், அதில் எந்தத் தொடர்பும் இல்லாத அவரையும், பார்க்க வந்திருந்த மகன் எலினிப்சிகோவையும் அங்கிருந்த படையினரே சுட்டுக் கொன்றார்கள். சாபம் என்று சொல்லிவிட்டால் இந்தக் கொலை மறைந்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

பாலத்துக்கும் அப்படியே. 1928இல் திறந்த அந்தத் தொங்குபாலம், கம்பிவடத்துக்குப் பதிலாக, சங்கிலிபோல் கோத்த எஃகுப் பட்டைகளில் தொங்கியது. ஒரு கண்ணிக்கு இரண்டே பட்டைகள். ஒன்றின் துளையோரத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருந்த விரிசல் 1967 டிசம்பர் 15 மாலை, வண்டிகள் நெருக்கியடித்து நின்ற நேரத்தில் பிளந்தது. 46 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் பாலங்களைக் காலமுறைப்படி சோதிக்கும் சட்டம் அதற்குப் பிறகே வந்தது.

பெரியவரே எங்களை ஆறாவது தெருவுக்கு அழைத்துப் போனார். இறந்தவர்களின் பெயர்களை அங்கே செங்கற்களில் பொறித்துத் தரையில் பதித்திருக்கிறார்கள். ஒரு கல்லின் மேல் கிடந்த ஈரச் சருகைக் குனிந்து எடுத்துவிட்டு, தன்னோடு பள்ளியில் படித்தவர் என்றார். அங்கே நின்ற நேரம் முழுவதும் சாபத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.