போட்டுப் பார்க்காமல் ஹெட்போன் வாங்குவது எப்படி?

கேள்வி:
ஊரில் எந்தக் கடையிலும் பெட்டியைப் பிரிக்க விடமாட்டேன் என்கிறார்கள், அதனால் ஆன்லைன்தான் வழி. பட்ஜெட் 2,000 ரூபாய், ஒயர் இருந்தாலும் பரவாயில்லை. நான் கண்ணாடி போடுகிறவன். போன தடவை ரிவ்யூ பார்த்து வாங்கியது அரை மணி நேரத்திலேயே காது மடலை நசுக்கி, கண்ணாடிக் கம்பி பொட்டில் அச்சுப் போலப் பதிந்துவிட்டது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில் 1:
காதின் மேல் உட்காரும் ரகமே வேண்டாம், காதை முழுதாக மூடுவதாகப் பாருங்கள். ஐந்து நட்சத்திர ரிவ்யூவை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள், கண்ணாடி, வியர்வை, ஆறு மாதத்தில் உரிந்த மெத்தை எல்லாம் அங்கேதான் இருக்கும். பெட்டியில் போடும் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' (எவ்வளவு தாழ்ந்த சத்தத்திலிருந்து எவ்வளவு கீச்சென்ற சத்தம் வரை வரும் என்ற கணக்கு) எதையும் சொல்லாது, மட்டமான செட்டிலும் அதையே அச்சடிக்கிறார்கள்.

பதில் 2:
எத்தனை ஓம் என்று பாருங்கள், அதாவது ஹெட்போனின் மின்தடை அளவு. போனில் நேரடியாகச் சொருக 16 முதல் 32 ஓம் போதும், 250 ஓம் ஸ்டுடியோ மாடலைச் சொருகினால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் நல்ல செட்தான், ஆனால் ஒயர் 3 மீட்டர், கழற்றவும் முடியாது, பஸ்ஸில் காலைச் சுற்றும்!

பதில் 3:
வாங்கும் முன் பணம் திரும்ப வருமா, வேறு பீஸ்தான் தருவார்களா என்று பாருங்கள். இறுக்கமான பழையதை ஹெட்போன் பெட்டி மேலேயே இரண்டு ராத்திரி மாட்டி வைத்தால் கொஞ்சம் தளரும்.

கேட்டவர்:
சரி, இன்றைக்கே மாட்டிப் பார்க்கிறேன்.