தெரு நீளத்துக்கு ஒரு ஏரிக் கோலம்

சென்னையில் பள்ளிக்கரணைக்குக் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். அது எங்கிருந்து வந்தது என்று அன்று யாராவது கேட்டிருந்தால், மழையிலிருந்து என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த மார்கழியில் தெருப் பெண்கள் கூடிப் பேசினோம். இந்த முறை போட்டிக் கோலம் வேண்டாம், தண்ணீர் போகும் வழியையே கோலமாகப் போடலாம் என்று முடிவானது. மேற்கு முனையில் கீழ்க்கட்டளை ஏரி, அடுத்து நாராயணபுரம் ஏரி, அதற்குக் கிழக்கே சதுப்பு நிலம், பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசி வீட்டு வாசலில் கோவளம் கடல். போனில் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து நான்தான் சாக்பீஸில் கோடு இழுத்தேன்.

விடிகாலை ஐந்தரைக்குப் பால் பாட்டி வந்து நின்றார். "ஏம்மா, ஏரிய போட்டுட்டு கலங்கலை விட்டுட்டியே. ரொம்பினா எங்க வழியும்?"

எனக்கு மதகு தெரியும், கலங்கல் தெரியாது. மதகு பாசனத்துக்குத் திறந்து மூடுவது. கலங்கல் அப்படியில்லை, ஏரி நிரம்பியதும் மிஞ்சிய தண்ணீர் தானாக வழியட்டும் என்று கரையில் தாழ்வாகக் கட்டிவைப்பது. பாட்டி சாக்பீஸை வாங்கி, குனிந்து இரண்டு ஏரிக்கும் கலங்கல் போட்டார். "சதுப்பு என்ன சதுப்பு, நாங்க கழுவெளின்னுதான் சொல்லுவோம். மாட்டுக்குப் புல்லு, பாய்க்குக் கோரை, எல்லாம் அங்கதான் அறுத்தோம்." பிறகு நிமிர்ந்து, சாக்பீஸ் பிடித்த கையாலேயே எங்கள் அடுக்ககத்தைக் காட்டினார். "அந்தத் தண்ணி போற வாய்க்கா அப்போ இப்படித்தான் போச்சு."

யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நீலப்பொடியை அள்ளி எங்கள் கேட் வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டைத் தாண்டித்தான் அன்று முழுக்க வீட்டுக்குள் போய்வந்தேன்.

கழுவெளிக்குள் பிள்ளைகள் நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் பூநாரையும் வரைந்தார்கள். பூநாரைக்கு முட்டி ஏன் பின்பக்கமாக மடங்குகிறது என்று ஒரு குட்டி கேட்டாள். அது முட்டியே இல்லை, கணுக்கால். முட்டி மேலே இறகுக்குள் இருக்கிறது என்று அவள் அண்ணன் சொல்ல, எல்லோருமே குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். 2022-இல் இந்தச் சதுப்பு நிலத்தில் சுமார் 1,247 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. செய்தியில் படித்தபோது அது எனக்கு வெறும் எண். பிள்ளைகளுக்கு அது இப்போது பூநாரை நிற்கும் இடம்.

மத்தியானத்துக்குள் வண்டிச் சக்கரங்களில் பாதிக் கோலம் போய்விட்டது. ஆனால் இப்போது மழை வலுத்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வரும் முதல் கேள்வியே "நாராயணபுரம் கலங்கல் போகுதா?" என்பதுதான்.

*

உங்கள் பதிவைப் படித்து மனசு நிறைந்துவிட்டது அக்கா. நாங்கள் துரைப்பாக்கம். உங்கள் கழுவெளித் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக எங்களைத் தாண்டித்தான் போகிறது. மடுவிலிருந்து கோவளம் வரை இந்தப் பொங்கலுக்கு எங்கள் தெருவில் போடலாமா என்று அம்மா கேட்கிறார். நீலப்பொடி எத்தனை கிலோ ஆச்சு?

*

தாராளமாகப் போடுங்க தம்பி. நீலம் நாலு கிலோ ஆச்சு. கரைக்கெல்லாம் அரிசிமாவுதான். முதலில் தெருவில் பெரியவங்க யாரையாவது கூப்பிட்டுக் கோட்டைக் காட்டிட்டு, அப்புறம் பொடியைத் தொடுங்க.