ஜப்பானிய ஆலயத்தில் பெற்ற பழைய காப்பைத் திருப்பிக் கொடுத்த அனுபவம் உண்டா?

டோக்கியோவில் என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பாட்டி நிங்யோச்சோவில் உள்ள சுய்தெங்கூ ஆலயத்துக்குப் போய், சுகப்பிரசவத்துக்கான ஒமாமோரி என்னும் காப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் பட்டுத்துணிப் பை. "வாங்கினேன்" என்று அவர் சொல்லவில்லை, "பெற்றுவந்தேன்" என்றார். செலுத்தும் பணத்துக்கும் அங்கே விலை என்று பெயரில்லை. முதல் கதிர்க் காணிக்கை என்கிறார்கள்.

குழந்தைக்கு எட்டு மாதமானபோது, "திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது, கொடுத்த பொருளைக் கேட்கிறாரே என்று! ஆலயத்துக்குத் திருப்புவதைத்தான் சொன்னார். வேண்டுதல் நிறைவேறினாலோ, ஓராண்டு கடந்தாலோ, நன்றி சொல்லிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வழக்கமாம்.

புத்தாண்டு விடுமுறையில் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு, பக்கத்திலிருந்த, ஜப்பானின் பூர்விக மதமான ஷிண்டோவின் ஆலயத்துக்குப் போனேன். சுய்தெங்கூ பை, தீமையை விரட்டவென்று புத்தாண்டில் பெற்ற போன வருடத்து ஹமாயா அம்பு, காரில் தொங்கிய நரிதாசான் காப்பு. பழையவற்றைச் சேர்க்கும் இடத்தில் நின்ற இளைஞர் பிளாஸ்டிக்கைக் கழற்றச் சொன்னார். எல்லாம் சடங்கோடு தீயில் போவதாயிற்றே. அடுத்து நரிதா காப்பை இரு கைகளாலும் எடுத்து என்னிடமே நீட்டினார். நரிதாசான் பௌத்தக் கோயில், இது ஷிண்டோ ஆலயம். மூன்று வருடமாக இரண்டையும் ஒன்றாகவே கும்பிட்டுக்கொண்டிருந்த எனக்குக் காது சிவந்துவிட்டது. அதற்காகப் பிறகு நரிதாவுக்கே ரயிலேறினேன்.

அம்பை வாங்கிக்கொண்டார்கள். சுய்தெங்கூ பையை மட்டும் நான் நீட்டவே இல்லை. அதன் முடிச்சு முன்பக்கம் சதுரம், பின்பக்கம் கூட்டல் குறி. ஜப்பானிய எழுத்தில் இரண்டையும் சேர்த்தால் 'நிறைவேறு' என்றாகிறது. எங்கள் பையில் அந்தச் சதுரம் நைந்து கிடந்தது. மகள் சப்பிய சப்பல் அப்படி. இதை எப்படிக் கொடுப்பது என்று பாட்டியிடம் கேட்டேன். "பிறந்த குழந்தையின் எச்சில்தானே? அதைக் காட்டத்தானே போகிறீர்கள்" என்றார்.

மகளையும் தூக்கிக்கொண்டு சுய்தெங்கூவுக்கே போனோம். உண்டியலில் காசு போட்டு, பழையதைச் சேர்த்துவிட்டு, பிள்ளை நலத்துக்கென்று வேறொன்றைப் பெற்றோம். ஹிபியா தடத்தில் ரயிலேறுவதற்குள் அதுவும் அவள் வாய்க்குள் போய்விட்டது.

— மறுமொழி —

உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது. ஆனால் தீயில் போவதை நேரில் பார்த்திருக்கிறேன். டோக்கியோவை அடுத்த கனகாவா மாகாணத்தின் ஒயிசோ கடற்கரையில் ஜனவரி நடுவில் சாகிச்சோ என்று பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள். புத்தாண்டு அலங்காரங்களும் பழைய காப்புகளும் அதில் எரியும். நீண்ட கழி நுனியில் அரிசிமாவு உருண்டையைக் குத்தி அந்தத் தணலில் சுட்டுத் தின்றால் ஆண்டு முழுக்கச் சளி பிடிக்காதாம். காற்று திரும்பி என் உருண்டை கரியாகிவிட்டது. பக்கத்தில் நின்ற மீனவர் ஒருவர் தன் கழியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். கறுத்த தோலைப் பிய்த்தால் உள்ளே வெள்ளையாக, இழுக்க இழுக்க வந்தது. சளி பிடித்தது, அது பிப்ரவரியில்.